உறுமி இல்லாத கச்சேரி: பாடாங் செராய்

கடந்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து பாடாங் செராய்க்குப் போனேன். அக்கா மகள் யாழினி ட்ரம்ஸ் வாசிக்கும் ராக் குழு, அங்குள்ள தோட்டத்து மாரியம்மன் கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் முதன்முறையாக மேடையேறியது. கோயில் தலைவருக்கு அதில் தயக்கம். ராக் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பேசி அவரைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பு. வரலாறு படித்ததற்குக் கிடைத்த தண்டனை.

அக்காவும் வருவதாக இருந்தாள். அதுதான் எனக்கு உறுத்தியது. போன ஆண்டு அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பெல்லாம் உறுமி மேளம் கேட்டாலே அவளுக்குச் சாமி வந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை; ஆனால் அப்போது அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகம் உண்மை. உறுமிப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இது வெள்ளைக்காரன் பாட்டு, உறுமி கிடையாது, பயமில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

காலை ரயிலில் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எழுபது ரிங்கிட் சொச்சம். அங்கிருந்து வாடகைக் காரில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், நாற்பது ரிங்கிட். தமிழ் ஓட்டுநர். போகும் காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"கோயில்ல ராக்கா, அக்கா? சாமி பயந்து ஓடிடும்லா."

சாலை செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியதும் கைப்பேசியில் சிக்னல் போயிற்று. பகலிலேயே இருபுறமும் இருட்டு. பக்கத்தில் மருத்துவமனை எங்கே என்று கேட்டேன். கூலிம் என்றார், அரை மணி நேரமாகும். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

மாலையில், கச்சேரிக்கு முன் மண்டபத்தில் பேசினேன். அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வேலைப்பாட்டு, தேவாலயத்தில் கைதட்டி, தரையை மிதித்து, ஆவேசம் வந்து ஆடிய அவர்கள் வழிபாடு, நகரத்துக்குப் போனதும் அந்தத் தாளம் மின்சாரக் கித்தாரில் ஏறியது எல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஆடத் தொடங்கியதும் பெற்றோர் மிரண்டு, பிசாசின் இசை என்றார்கள். நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்த அரங்குகளில் பிள்ளைகள் தடுப்பைத் தாண்டிப்போய்ச் சேர்ந்து ஆடினார்கள். வெறும் இசைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று முடித்தேன். தலைவர், "நம்மள மாதிரி தோட்டத்துச் சனம்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

முதல் இரண்டு பாட்டும் நல்லபடியாகப் போயின. மூன்றாவதை யாழினி தனியாக, பெரிய ட்ரம்மில் தொடங்கினாள். முன்வரிசையில் அக்கா செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் கூந்தல் அவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். கித்தார் வாசித்தவர்கள் பயந்து நிறுத்திவிட்டார்கள். யாழினியையும் நிறுத்தச் சொல்லி மேடைக்கு ஓடினேன். தலைவர் எனக்குக் குறுக்கே கை நீட்டி, யாழினியைப் பார்த்துச் சொன்னார்.

"நிறுத்தாத, தாயி. பாதியில நிறுத்துனா ரொம்ப ஆடிடும். கொறச்சிக்கிட்டே வா. தானா மலையேறட்டும்."

சாமி உடம்பை விட்டுப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். யாழினி அம்மாவின் பாதங்களையே பார்த்தபடி அடியைத் தளர்த்தினாள். நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி ட்ரம்மை முந்திக்கொண்டு ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ட்ரம் ஓய்ந்தபோது அக்கா என் மேல் சரிந்தாள். ஒரு கணம் நாடியே கிடைக்கவில்லை. பிறகு மெதுவாக வந்தது.

கூலிம் மருத்துவமனையில் ஒருநாள் வைத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் தவிர வேறொன்றுமில்லை. கட்டிலில் கிடந்தபடி அக்கா கேட்டாள்:

"கைதட்டி, மிதிச்சி, ஆவேசம்னு நீதானடி சொன்ன? அப்பவே எனக்குக் கால் நடுங்குச்சி."

சொன்னது நான்தான். என் பேச்சை நானே கேட்டிருக்கவில்லை. வெளியே யாழினி, அம்மா கேட்க வந்தால் இனி வாசிக்கமாட்டேன் என்றாள். வெறும் இசைதான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் காரை முன்பே பேசி வையுங்கள், தோட்டத்துக்குள் சிக்னல் இல்லை. இதயக் கோளாறு உள்ளவரை அழைத்துப் போனால் வாசலருகே உட்காரவையுங்கள். அவர் செருப்பைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள்.

ஊர் திரும்பும் ரயிலில், யாழினி அனுப்பிய அந்த மூன்றாவது பாட்டின் ஒலிப்பதிவைக் கேட்டேன். எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ளத்தான். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தேன். என் செருப்புகள் இருக்கைக்கு அடியில் தனியாகக் கிடந்தன. கால் வலியாக இருக்கும்.