இடது கையில் போட்ட ஊசி

எங்கள் தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது, முதலாளி உட்பட. நாலு அடுக்குத் துணியைச் சேர்த்து வெட்டினாலும் நூல் பிசகாது. பக்கத்து மேசையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் நான் பதினெட்டு வருஷமாக அவளிடம் திட்டு வாங்குகிறேன். இரண்டு வருஷம் முன்பு அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் முடித்து, தலைமுடி முளைப்பதற்குள் வேலைக்கு வந்துவிட்டாள்.

அதனால்தான் இந்த வருஷத்து ஸ்கேன் எங்களைப் பயமுறுத்தியது. இடது அக்குளில் நெறி கட்டியிருக்கிறதாம். நோய் திரும்பியிருக்கலாம், மறுபடி மருந்து ஏற்ற வேண்டி வரலாம் என்றார் டாக்டர். துணைக்கு நானும் போயிருந்தேன். வெளியே வந்ததும் அவள் கணவர் அழுதேவிட்டார்.

"அழறத வீட்ல வச்சுக்கோங்க" என்று அதட்டினாள். ஆனால் அவளே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் இடது தோளைப் பிடித்தேன்.

"மெதுவாடி! ஊசி போட்ட இடம் வலிக்குது."

எனக்குப் பொறி தட்டியது. ஸ்கேனுக்கு நாலு நாள் முன்புதான் கம்பெனியில் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள்.

"சமீபத்துல தடுப்பூசி போட்டீங்களான்னு ஸ்கேன் அன்னிக்கு நர்ஸ் கேட்டாங்களே. ஏன்க்கா இல்லன்னே?"

"சாப்பாட்டு நேரத்துல வரிசையில நின்னு போட்டுக்கிட்டது. அதெல்லாம் ஒரு கணக்கா?"

தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"ஆபரேஷன் பண்ணின பக்கம், இடது கையில ஊசியே கூடாதுன்னு சொன்னேனாம்மா, இல்லையா?" என்று டாக்டர் எகிறினார்.

"வலது கையில கத்தரி பிடிக்கணுமே, டாக்டர்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். தடுப்பூசி போட்ட பக்கம் நெறி கட்டும், ஸ்கேனில் நோய் மாதிரியே தெரியும் என்றார். "ஆறு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம். அதுவரைக்கும் எதுவும் வேண்டாம்."

அந்த ஆறு வாரமும் அக்கா யாரையும் திட்டவில்லை. கம்பெனி இழவு வீடு மாதிரி இருந்தது.

ஏழாவது வாரம், மறு ஸ்கேன் முடிந்து, ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள். நான் தைத்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது காஜாவா, எலி கடிச்ச ஓட்டையா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு மெஷினாக நின்றது. எழுந்த சந்தோஷக் கூச்சலில் முதலாளி அறையிலிருந்து ஓடி வந்தார், அவருக்கும் திட்டு விழுந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

"அழறத வீட்ல வச்சுக்கோ" என்றாள். சொன்னவள் கண்ணும் நனைந்திருந்தது. கத்தரியை எடுத்து, விரித்து வைத்திருந்த நாலு அடுக்கையும் வெட்டினாள். நூல் பிசகவில்லை.