இரவல் வாங்கிய காற்று

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என்னைப் போல வெல்டிங் வைக்க அப்போது ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, என் முதலாளியே சொல்லுவார். இன்றைக்கு ஆவடிப் பக்கம் மாடி வைத்த சொந்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த வீடு கை நழுவப் பார்த்த கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் சென்னீர்குப்பத்தில் ஓலைக் குடிசை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மழை வந்தால் கைக்குழந்தையோடு என் மனைவி ஒழுகாத மூலையைத் தேடுவாள். அந்தச் சமயம், நலிந்த பிரிவினருக்கு ஆவடிப் பக்கம் அரசாங்க வீடு என்று அறிவிப்பு வந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மாதத் தவணை. குலுக்கலில் பெயர் சேர, வருமானம் ஒரு வரம்புக்குள் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வருவார் என்றார்கள்.

அதிகாரி வீடு தேடி வருகிறார், சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டில் மேசை மின்விசிறியும் இரண்டு இரும்பு நாற்காலியும் கேட்டு வாங்கி, அங்கிருந்தே ஒயரும் இழுத்தேன். கலர் சோடா வாங்கி வைத்தேன். வந்தவர் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டே மாதம் என்ன வருகிறது என்று கேட்டார். எப்போதாவது கிடைக்கும் ஓவர்டைமையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். “நல்லாத்தான இருக்கே? இந்த வீடெல்லாம் இல்லாதவங்களுக்குப்பா.”

இல்லாதவன் என்று என் வாயால் சொல்ல வரவில்லை.

நாலு பேர் முன்னால் என் பேச்சை ஒருநாளும் மறுக்காதவள் என் மனைவி. அவள் எழுந்து விசிறியை நிறுத்தினாள். இடுப்பில் குழந்தை, மறு கையில் விசிறி. பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் ஆய்வாளர் கழுத்தில் வியர்வை வழிந்தது.

“இதான் சார் எங்க ஊடு,” என்றாள். “நீங்க குந்திகினு கீற நாற்காலியும் அவங்களுதுதான். இவுரு சொன்னது நல்லா வேல வர்ற மாசத்து சம்பளம். அப்டி ஒரு மாசம் வந்து ரொம்ப நாளாவுது.”

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓலைப் பொத்தல் வழியே வெயில் அவர் காகிதத்தின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. என் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதினார்.

அவர் போனதும் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாலையில் மீந்த கலர் சோடாவை என்னிடம் நீட்டினாள். “உன்ன இல்லாதவன்னு நான் சொல்லலியே. ஊடு இல்லன்னுதான சொன்னேன்,” என்றாள்.

குலுக்கலில் பெயர் விழுந்தது. குடிபோனதும் முதலில் வாங்கியது மின்விசிறிதான். அவள் படுக்கும் பக்கமாகப் பார்த்து மாட்டினேன். தொண்ணூறுகளில் மாடியும் எழுப்பினேன். கிரில் அத்தனையும் என் கை வெல்டிங், இன்னும் ஒரு கம்பி அசையவில்லை.

இப்போதும் யாராவது வந்தால் எல்லாம் என் உழைப்பு என்றுதான் சொல்லுவேன். அவள் உள்ளேயிருந்து வருவாள். விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போவாள்.