குளுவாங்ல இறங்கி மாறணும்

பாலோங்கற சின்ன ஊர்ல நான் டியூஷன் எடுத்த ரூம் ஒரு கடைக்கு மேல. சாயங்காலம் ஆனா, கீழ வாழைப்பழத்தை மாவுல முக்கி பிசாங் கோரெங் பொரிக்கிற வாசம் ஜன்னல் வழியா ஏறி வந்துடும்... பசியில இருக்குற ஃபார்ம் ஃபைவ் பிள்ளைங்களுக்கு மோல் கணக்கு எங்க மண்டையில ஏறும்?

அந்த கிளாஸ்ல செல்வின்னு ஒருத்தி. கிமியாவுல, அதான் கெமிஸ்ட்ரியில, கிரெடிட் வந்தா நர்சிங் படிக்கலாம். இல்லன்னா அக்கா வேலை பார்க்குற செனாய் ஃபேக்டரிக்குப் போன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. டிரையல் பரீட்சையில ஃபெயில் வேற.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 24 கிராம் மக்னீசியத்தை எரிச்சா எத்தனை கிராம் ஆக்சைடு வரும்னு கேள்வி. ஈக்குவேஷன்ல ரெண்டுக்கு ரெண்டு இருக்கு, அதனால அதுவும் 24 கிராம்தான்னு எழுதியிருந்தா. கூட சேர்ந்த ஆக்சிஜன் எங்க போச்சோ...

எனக்கு மூக்கு மேல கோபம். திட்ட வாயெடுத்தவ, அவ முகத்தைப் பார்த்ததும் முழுங்கிட்டேன். வேற ஒன்னு கேட்டேன்.

"பாலோவுலேருந்து செனாய்க்கு நேர் பஸ் இருக்கா?"

"இல்ல டீச்சர். குளுவாங்ல இறங்கி மாறணும்."

"மக்னீசியம் கிராம்லேருந்து ஆக்சைடு கிராமுக்கும் நேர் பஸ் கிடையாதுமா. மோல்ல இறங்கி மாறணும்."

அதுக்கப்புறம் கிளாஸ் முழுக்க இதே பேச்சு. எவனாச்சும் கணக்கைத் தப்பா போட்டா, 'அலமாக், இறங்காம போயிட்டான் லா'ன்னு பின்னாடிலேருந்து கிண்டல் வரும். நானும் போர்டுல மோலுக்குப் பக்கத்துல ஒரு பஸ் ஸ்டாப் வரைஞ்சு வைப்பேன்.

எஸ்பிஎம் பெரிய பரீட்சையில கிமியா பேப்பர் முடிஞ்ச அன்னைக்கு, செல்வி யூனிஃபார்மோட மூச்சு வாங்க மாடியேறி வந்தா.

"இறங்கி மாறிட்டேன் டீச்சர்."

கிரெடிட் வந்துச்சு. ரிசல்ட் அன்னைக்கு அவளை விட நான்தான் அதிகமா அழுதேன்.

வருஷம் எத்தனையோ ஓடிடுச்சு, இப்பவும் அதே ரூம்தான். ஏர்கான் போட்டு ஜன்னலை மூடியாச்சு. பிள்ளைங்க கேள்வியை ஃபோட்டோ எடுத்தா போதும், பதில் ஃபோன்ல வந்து நிக்குது. போன வாரம் ஆசையா பஸ் கதையைச் சொன்னேன். ஒருத்தன் கேக்குறான், ஏன் டீச்சர் மாறணும், எங்கம்மா கார்ல நேரா போயிடலாமேன்னு.

அவனைக் கூட்டிட்டுப் போக வந்த அம்மா வாசல்லயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நர்ஸ் யூனிஃபார்ம்ல, நம்ம செல்வி.

"மொதல்ல குளுவாங்ல இறங்குடா"ன்னா.

அவன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்... எங்களுக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. கீழ அந்தப் பிசாங் கோரெங் கடை மட்டும் இன்னும் இருந்திருந்தா, மூணு பேருக்கும் வாங்கியிருப்பேன்.