இன்ஜினைப் பார்க்காமல் எழுதிய சீட்டு

புதன்கிழமை காலை ஜெராக்ஸ் கடை செல்வி போன் செய்தாள். “சார், நம்ம சூசை மாமா பூட்டாரு. பல்லு வௌக்கினு இருந்தாராம், அப்டியே உக்காந்துட்டாராம்.” அதற்குப் பின் அவள் சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தே போனேன். பஸ் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை.

கல்மண்டபத்தில் செல்வியின் கடை வாசலில் சூசையும் நானும் பதினோரு ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பழைய வண்டி, படகு இன்ஜின், தையல் மிஷின் என்று கைமாறும் பொருள்களுக்கு விற்பனைச் சீட்டு எழுதுவது எங்கள் வேலை. கிடங்கு குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற நான் எம்.ஏ. படித்தவன் என்பதால் சூசை என்னை ‘வாத்யாரே’ என்பார். அவரைப் பற்றி எழுத நான் தகுதியானவன்தானா என்ற சந்தேகம் இந்த வரியிலும் இருக்கிறது.

அவரிடம் சீட்டு எழுதிக்கொண்ட உங்களுக்கு அவர் பிடிவாதம் தெரியும். மீன் விற்கும் லூர்து தன் ஃப்ரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றபோது, “கதவு சரியாக மூடாது, கயிறு கட்ட வேண்டும்” என்று சீட்டில் எழுதினார்.

“இன்னா மாமு, நீ எனுக்கு எழுதறியா, அவளுக்கு எழுதறியா?” என்று லூர்து கத்தினாள்.

“ரெண்டு பேரும் ஒரே கொயாயில தண்ணி புடிக்கிறீங்க. நாளைக்கு அடிச்சிக்கக் கூடாதுன்னு எழுதறேன்.”

திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

படகு இன்ஜின் என்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கே போவார். எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சைச் சீட்டில் ஒட்டுவார். “பேப்பரப் பாத்து பேப்பர் எழுதாத வாத்யாரே. இன்ஜினப் பாத்து எழுது” என்பார்.

அவர் வராத ஒரு நாள், ஆரோக்கியம் என்ற மீனவர் வாங்கிய இன்ஜினுக்கு நான் பேப்பரைப் பார்த்தே எழுதினேன். ஆரோக்கியம் கடலுக்குப் போயிருந்ததால் விற்றவர் மட்டுமே வந்தார். அவரிடம் இரண்டு இன்ஜின்கள் இருந்தன. அவசரத்தில் மற்றதன் பழைய ரசீதைக் கொண்டுவந்திருந்தார். ‘இன்ஜினைக் காட்டுங்கள்’ என்று கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு மாதம் கழித்துத் திருட்டு இன்ஜின் சோதனை நடந்தபோது எண் ஒத்துப்போகவில்லை. ஆரோக்கியத்தை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவர் மனைவி சீட்டோடு ஓடிவந்து, “யாரு எழுதனது இத்த?” என்றார். நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன். சூசை எழுந்தார்.

“நான்தாம்மா. இன்ஜினப் பாக்காம எழுதிட்டேன். வா, போலாம்.”

விற்றவரைத் தேடிப் பிடித்து, எண்ணை அச்செடுத்து, புதுச் சீட்டில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷனில் காட்டினார். மாலையில் ஆரோக்கியத்தை விட்டார்கள்.

திரும்பி வந்த சூசையிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “வுடு வாத்யாரே. ஸ்டேஷன் வாசலப் பாத்தாலே உனுக்கு ஜொரம் வந்துடும். அப்பால உன்ன வேற நான் தூக்கினு வரணும்” என்று சிரித்தார்.

ஆனால் பேச்சு காசிமேட்டில் தங்கிவிட்டது. ‘நம்பர மாத்தி எழுதற சூசை’ என்றார்கள். படகுக்காரர்கள் சிலர் வேறு ஆளிடம் போனார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். சொல்லவில்லை.

அடக்கத்துக்கு ஆரோக்கியம் வந்திருந்தார். “தங்கமான மனுசன் சார். என் இன்ஜின் மேட்டர்ல ஒரே ஒரு தபா கோட்ட வுட்டுட்டாரு. அத்த வுட்டா ஒரு கொற சொல்ல முடியாது” என்று அழுதார். பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன்.

அப்படித் தலையாட்டியதால்தான் இதை எழுதுகிறேன். ஆரோக்கியம், அந்தச் சீட்டை எழுதியது நான். கண்ணால் பார்க்காத இன்ஜினுக்குச் சூசை ஒரு சீட்டும் எழுதியதில்லை.

அப்பாவின் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மகள் சொன்னாள். எனக்கு வேறொன்றும் வேண்டாம். இத்தனை நாள் அவர் பெயரில் இருந்த என் தவறைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது என்னிடமே இருக்கட்டும்.