முல்லைத் தோட்டத்தில் ஆப்பிள்

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே அமராவதி டீச்சருக்கு முதுகு வலிக்கும். கீரமங்கலத்தை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சத்துணவு முட்டையை எண்ணுபவர் எல்லாம் அவர்தான். இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பார். எப்போது கேட்டாலும் பயிற்சிக்குத்தான் போயிருப்பார்.

இணையத்தில் கதைப் புத்தகங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, இறக்கிப் பயன்படுத்துங்கள் என்று உத்தரவு வந்தது. போன் டீச்சருடையது, டேட்டா டீச்சருடையது. அச்செடுக்கும் கடைக்காரர் மட்டும் அந்த உத்தரவைப் படித்திருக்கவில்லை.

இறக்கிய முதல் கதையில் ஒரு சிறுமி விடியற்காலையில் அம்மாவோடு ஆப்பிள் பறிக்கப் போகிறாள். மூன்றாம் வகுப்பு சுபா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். விடியுமுன் அம்மாவோடு முல்லை பறித்துப் பூக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு வருகிறவள் அவள். ஒரு வரியாவது அவள் வாசித்து யாரும் கேட்டதில்லை. வருஷம் முடிவதற்குள் அவளை வாசிக்க வைத்துவிட வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். மற்ற பிடிவாதங்கள் எல்லாம் சர்வீஸில் தேய்ந்துவிட்டன.

பின்னட்டையில் பொடி எழுத்தில், 'யாரும் படிக்கலாம், பகிரலாம், மாற்றலாம்' என்றிருந்தது. டீச்சர் மாற்றினார். ஆப்பிளை எடுத்துவிட்டு முல்லையைப் போட்டார். படமும் அவரே வரைந்தார். கூடை மட்டும் கூடை மாதிரி வந்தது. சுபா தலையைத் தூக்கினாள். மெல்ல எழுத்துக் கூட்டினாள். அப்புறம் தினமும் அதே புத்தகத்தைக் கேட்டாள்.

பெருமை தாங்காமல் டீச்சர் அதை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கேதான் சறுக்கியது. புத்தகம் ஊர் ஊராகச் சுற்றியது. எங்கேயோ ஒரு புண்ணியவான், சின்னப் பிள்ளை பூப் பறித்தால் குழந்தைத் தொழில் மாதிரி இருக்கிறது என்று முல்லையை மறுபடி ஆப்பிளாக்கினார். ஆப்பிள் பறித்தால் பொது அறிவு போலிருக்கிறது. கூடை மட்டும் அமராவதி டீச்சருடையதாகவே இருந்தது.

ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி பீட்டர் சார் அதைத்தான் வழவழத் தாளில் கொண்டுவந்தார்.

"நல்ல புக்கு டீச்சர். வெளி மாவட்டத்துல யாரோ செஞ்சிருக்காங்க. நீங்களும் இப்புடி ஏதாச்சும் முயற்சி பண்ணலாம்ல?"

"பண்ணலாங்க சார்." விளக்கம் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

பீட்டர் சாரின் விரல் நேராக சுபாவைக் காட்டியது. அவள் எழுந்து அந்தப் புத்தகத்தை வாங்கி வாசித்தாள். "அம்மாவும் நானும் முல்லை பறித்தோம். கூடை நிறைய முல்லை."

"இது வாசிப்பில்லையே டீச்சர், மனப்பாடம்ல!" போனில் ஆய்வு ஆப்பைத் திறந்து, சுபா பெயருக்கு எதிரே 'வாசிக்கிறாரா?' என்ற கேள்விக்கு 'இல்லை'யை அழுத்தினார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சந்தேகம் அவருக்குள்ளும் இருந்ததுதான்.

"என்னத்தா போட்டுருக்கு அதுல? பாத்துச் சொல்லு."

"ஆப்பிள்னுதான் டீச்சர் போட்டுருக்கு. தப்பா அடிச்சுட்டாங்க. நான் திருத்தி வாசிச்சேன்."

"அதெப்படி நீயாத் திருத்துவ?" என்றார் பீட்டர் சார்.

சுபா புத்தகத்தைத் திருப்பினாள். பின்னட்டையை டீச்சர் ஒருநாளும் பாடமாக நடத்தியதில்லை. பொடி எழுத்துக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தினாள். "யா...ரும்... படிக்க...லாம்... பகிர...லாம்... மாற்ற...லாம்."

பீட்டர் சார் போனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "அடடா. போட்டது போட்டதுதான் டீச்சர். ஆப்புல திருத்த வழியில்ல."

"இருக்கட்டுங்க சார். டீ சாப்புடுறீங்களா?"

புத்தகத்தைப் பள்ளிக்கே விட்டுவிட்டு அவர் வண்டியில் கிளம்பிப் போனார். சுபா பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி நின்றுவிட்டது. டீச்சர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். பையில் துழாவிப் பேனாவை எடுத்து சுபாவிடம் நீட்டினார்.

"எல்லாப் பக்கத்துலயும் நீயே திருத்தீரு. எனக்குக் கை வலிக்குது."

"படத்த என்ன செய்ய டீச்சர்?"

"அதையும் நீயே வரைஞ்சுக்கத்தா. கூடைய மட்டும் விட்டுரு."