கூலர் குடித்த தண்ணீர்

பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த தட்டி, உள்ளே ஒரு விசிறி. எழுபதுகளில் மரக்காணத்து உப்பளம் ஒன்றின் ஆபீசில் லாரியில் வந்து இறங்கிய அந்த ஏர் கூலரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை வாங்கிய மேனேஜரை நினைத்தால் இன்னும் அதிகமாக. மனிதர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. செத்தவரைத் திட்டாதீர்கள் என்று என் மனைவி தடுக்கிறாள். நான் கேட்பதில்லை.

அவர் அதற்குமுன் வடக்கே பாலைவனத்தை ஒட்டிய ஏதோ ஊரில் வேலை பார்த்தவர். அங்கே காற்று காய்ந்து கிடக்கும். ஈரத் தட்டி வழியாக இழுத்தால் அறை ஜில்லென்று ஆகிவிடும். எங்கள் கடலோரக் காற்றோ ஏற்கெனவே ஈரத்தில் ஊறியது, அதில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து என்ன குளிரப் போகிறது? கிழக்கு ஜன்னலைத் திறந்தால் பிற்பகலில் கடல் காற்று தானாக வரும், கூரைமேல் கீற்றுப் பரப்பினால் வெயில் இறங்காது என்று குமாஸ்தாவான நான் சொல்லிப் பார்த்தேன். "ஏம்பா, நான் பாக்காத காத்தா? கீத்து போட இது என்ன மாட்டுக் கொட்டாயா?" என்றார். மேசையில் உப்புத் தூசி படிகிறதென்று அந்த ஜன்னலுக்கு ஆணியே அடித்துவிட்டார்.

அடைத்த அறைக்குள் கூலர் ஓட ஓட ஈரம் ஏறியது. ரிஜிஸ்டர்கள் நமுத்தன, சுவரில் பூஞ்சை பிடித்தது, அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வாங்கியது தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? "தண்ணி பத்தல, இன்னும் ஊத்து" என்பார். உப்புத் தண்ணீர் ஊற்றினால் தட்டி கெட்டுவிடும் என்று நல்ல தண்ணீரையே ஊற்றச் சொன்னார். அளத்தில் நல்ல தண்ணீர் என்றால் காலையில் மாட்டு வண்டியில் வரும் ஒரே ஒரு பீப்பாய்தான். உப்புச் சுமக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குடிப்பதற்கு வந்தது அது. அதிலிருந்து குடம் குடமாக மொண்டு நான் கூலரில் ஊற்றினேன். மதியத்துக்குள் பீப்பாய் காலியானது. பெண்கள் உதடு வெடித்துப் போய் வேலை செய்தார்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அவர்களில் ஒருத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். ஆபீஸ் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி, கையில் சொம்போடு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். கூலர் மூடியைத் தூக்கி, மரச்சீவலின் சாயம் இறங்கிய பழுப்புத் தண்ணீரை மொண்டார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?" என்று மேனேஜர் கத்தினார்.

"எங்க தண்ணிய எடுக்க யாரைக் கேக்கணும் சார்?" என்று சொல்லிவிட்டு, விழுந்து கிடந்தவளுக்குப் போய்ப் புகட்டினார் பெரியம்மா.

வாசலில் கூட்டம் சேர்வதைப் பார்த்ததும் மேனேஜர் என் பக்கம் கை நீட்டினார். "தண்ணி ஊத்துன்னுதான் சொன்னேன். குடிக்கிற தண்ணிய ஊத்தச் சொன்னேனா? எல்லாம் இவன் பண்ண வேலை." அந்தப் பொய்யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மயங்கி விழுந்தவள் பிழைத்துக்கொண்டாள். கூலர் அன்றோடு நின்றது. இப்போது என் வீட்டில் ஏசி ஓடுகிறது. மகன் எதை வாங்கலாம் என்று கேட்டபோது, இந்த ஊருக்குக் கூலர் ஆகாது என்று பெரிய நிபுணர் மாதிரி விளக்கினேன். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து மேனேஜரைத் திட்டுவது சுகமாகத்தான் இருக்கிறது. திட்டும்போது ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை. அன்று சாயங்காலமே பெரியம்மாவிடம் ஓடிப்போய், "அந்தாளு சொன்னது பொய்ங்க, அவர்தான் ஊத்தச் சொன்னாரு" என்றேன்.

பெரியம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டியபடி சொன்னார்: "அது தெரியும்பா. சொன்னது அவரு. தெனமும் எங்க மூஞ்சியப் பாக்காம மொண்டுக்கினு போனது நீதானே?"