ஒரு நடைக்கு ஒரு புதிர்

என் அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறாள். கேட்டவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் யாரும் அசருவதில்லை. எங்களைத் தூக்கிவாரிப்போட்டது வேறு விஷயம். ஒருநாள் சாப்பிடும்போது, "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்றாள். அண்ணன் கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை.

காரணம் இருந்தது. பைக்கில் வந்த ஒருவன் குறுக்கே புகுந்து அவள் பஸ்ஸில் இடித்து விழுந்தான். தப்பு அவன்மேல்தான். ஆனால் பணிமனை விசாரணையில், அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்டபோது, அண்ணிக்கு வார்த்தையே வரவில்லை. ஆறு மாதம் பஸ் தராமல் ஸ்டோர் அறையில் உட்காரவைத்துவிட்டுத்தான் திரும்பக் கொடுத்தார்கள். "தெரிஞ்சத எடுத்துச் சொல்லத் தெரியலையே" என்று புலம்பிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் புலம்பலை நிறுத்திவிட்டு மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். அங்கே வயது வரம்பு உண்டு. இந்த வருஷம் விட்டால் அண்ணிக்கு அடுத்தது கிடையாது.

நுழைவுத் தேர்வில் புதிர்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆறு பேர் ஒரு பெஞ்சில் உட்காருகிறார்கள். டாக்டர் ஓரத்தில் உட்கார மாட்டார், தையல்காரர் ஓவியருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார், அப்படியானால் நடுவில் யார் யார்? இந்த ரகம். "என் வண்டியில இப்படி அடம் பிடிச்சா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடுவேன்" என்பாள் அண்ணி.

ஆரம்பத்தில் ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து புதிராகப் போட்டுத் தள்ளினாள். மறுநாள் மண்டைக்குள் புதிர்களே ஓடிக்கொண்டிருக்க, ஒரு நிறுத்தத்தில் கைகாட்டி நின்ற கூட்டத்தைப் பார்க்காமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார். அவளுக்கே பகீரென்றது. அன்று போட்ட திட்டம்தான், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பஸ் ஓடும் ஒரு நடைக்கு ஒரு புதிர். கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்தால் அடுத்த நடைக்கு முன்னால் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் ஸ்டீயரிங்மேல் புத்தகத்தை விரித்து ஒன்றே ஒன்று. விசில் ஊதினால் புத்தகத்தை மூடிவிட வேண்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இரண்டாவதைத் தொட மாட்டாள். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. போட்டதெல்லாம் சரியாக இருந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் நடுவில் தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் நாலு புதிர். நான் இரண்டாவதில் திணறிக்கொண்டிருந்தபோது அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜை விளிம்பில் ஊன்றி, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடேயப்பா, அதற்குள் முடித்துவிட்டாளே என்று பூரித்துப்போனேன்.

தாளை வாங்கும்போதுதான் பார்த்தேன். முதல் புதிர் மட்டும் அச்சுப் பிசகாமல் இருந்தது. மற்ற மூன்றும் வெள்ளை வெளேர் என்று கிடந்தன.

"என்ன அண்ணி ஆச்சு?"

"ஒண்ணு முடிஞ்சுது. அடுத்தது கண்ணுல படுது, மண்டையில ஏற மாட்டேங்குது. வண்டிய எடுக்கணும்னே கால் துடிக்குது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை மாதம் மூளையைப் பழக்கியது ஒரு புதிருக்கும், அதற்குப் பிறகு ஒரு மணி நேர ஓட்டத்துக்கும்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து ஸ்டீயரிங்மேல் புத்தகம் விரிப்பதை நிறுத்தினாள். தினமும் மாலையில் சாப்பாட்டு மேஜையில் நாலு புதிரை ஒரே மூச்சில் போட ஆரம்பித்தாள். கூடவே போட ஆள் இருந்தால்தான் வேகம் வரும் என்று என்னையும் உட்காரவைத்தாள். "பரீட்சைக்கும் கூட வா. நீ இருந்தா தைரியமா இருக்கும்" என்று எனக்கும் ஒரு விண்ணப்பம் போட்டாள். அவள் முக்கி முனகி இரண்டுக்கு வந்தாள், பிறகு மூன்றுக்கு வந்தாள். எனக்கென்ன கவலை? வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே நாலையும் முடித்துவிடுவேன். "வாயாடிக்கு மூளையும் இருக்கு போல" என்று அண்ணி கிண்டல் செய்வாள். இருவரும் தேர்வு எழுதினோம். மூன்று முழுசாகவும் நாலாவது பாதியும் முடித்ததாகச் சொன்னாள். போதும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

முடிவு வந்த அன்று என்னைக் கடைசி நிறுத்தத்துக்கு வரச் சொன்னாள். அவளுடைய பஸ் காலியாக நின்றிருந்தது. போனில் தன் எண்ணைப் போட்டாள். தேர்வாகவில்லை என்று வந்தது. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி போட்டாள். அதே பதில்தான் வந்தது.

"உன்னோடத போடு" என்றாள்.

"வேணாம் அண்ணி."

என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பிடுங்கி அவளே போட்டாள். தேர்ச்சி. திரையில் என் பெயர். எங்கோ தப்பு நடந்திருக்கிறது, இரண்டு தாளும் மாறிப்போயிருக்கும் என்றெல்லாம் உளறினேன். அதற்குள் ஆட்கள் ஏறிவிட்டார்கள், விசில் ஊதிவிட்டது. அண்ணி போனை என் மடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்த ஒரு மணி நேரமும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு நிறுத்தத்தையும் தவறவிடவில்லை, ஒரு குலுக்கல் இல்லை. என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

மறுமுனையில் ஆட்கள் இறங்கியதும் எஞ்சினை அணைத்தாள்.

"நான் சேரப்போறதில்ல அண்ணி" என்றேன்.

"எனக்கு வயிறு எரியுது. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா எனக்காக விட்டுக் குடுக்காத. நீ என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டா அத என்னால தாங்க முடியாது. உனக்குப் படிக்க ஆசை இருக்கா? அத மட்டும் சொல்லு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருக்கு அண்ணி" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. அந்த ஆசை எப்போது வந்தது, எந்த மாலையில் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அதை வளர்த்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி தலையை ஆட்டினாள். பிறகு ஸ்டீயரிங்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தோளைத் தொடப்போன கையை நான் இழுத்துக்கொண்டேன்.